சாப்பாட்டுத் தட்டும் கைப்பேசியும்: குழந்தையின் பசியை மீட்டெடுக்க ஒரு வழிகாட்டி

இரண்டரை வயதில் என் மகள் சாப்பிட்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்; அவள் பார்வை அதை விட்டு அசையாது; பிசைந்த பருப்புச் சோற்றை உதட்டருகே கொண்டுபோனால் வாய் தானாகத் திறந்து மூடும். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். கன்னத்தில் எதுவோ இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல, அதக்கி வைத்திருந்த சோற்றை நாக்கால் முன்னே தள்ளி என் உள்ளங்கையில் துப்பினாள். ஐந்து நிமிடத்துக்கு முன் நான் ஊட்டிய கவளம் அது. கிண்ணம் காலியானால் போதும் என்று நான் நிம்மதியடைந்திருந்த அத்தனை நாளும், சாப்பாடு என்ற ஒன்று நடப்பதையே அவள் அறியாமல் இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் படித்தவற்றையும், குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், இரண்டு குழந்தைகளை வளர்த்ததில் கண்டவற்றையும் சேர்த்து, இப்போதுதான் இந்தச் சிக்கலில் நுழைந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றரை வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பின்னால் சிறிது சொல்கிறேன்.

திரை வயிற்றை எப்படித் தொடுகிறது

குழந்தைக்குப் பசிக்கும்போது வாய் திறப்பதும், வயிறு நிறைந்தவுடன் தலையைத் திருப்பிக்கொள்வதும் பிறவியிலேயே வருவன. பால் குடிக்கும் சிசுவும் போதுமென்றால் முகத்தைத் திருப்பிவிடும். இந்த அறிவு தொடர்ந்து பயன்படுத்தப்பட்டால்தான் நிலைக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு அனுப்பும் சேதி போய்ச் சேருவதில்லை. அதன் விளைவு ஒவ்வொரு குழந்தையிடமும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். ஊட்டிவிடப்படும் சின்னக் குழந்தை மெல்ல மறந்து அதக்கிக்கொள்ளும். கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு கார்ட்டூன் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை, பொட்டலம் தீரும்வரை நிறுத்தாது. ஒன்று குறைவாகவும் மற்றொன்று அதிகமாகவும் சாப்பிடுவதுபோல் தோன்றினாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். ‘என் பையன் ஒல்லிதானே, அவனுக்கு டிவி கெடுதல் இல்லை’ என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

திரை குழந்தையின் விளையாட்டு நேரத்தைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் எடை கூடுகிறது என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை மாற்றின. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியைக் குறைக்கப் பழக்கிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அதன் முடிவின்படி, பழக்கப்பட்ட பிள்ளைகளின் எடை ஏற்றம் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தது. தொலைக்காட்சி முன் அமர்ந்து சாப்பிடும் வேளைகளும் குறைந்தன. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 4 முதல் 7 வயதுவரையுள்ள 70 குழந்தைகளை இரண்டு ஆண்டு கவனித்த இன்னொரு ஆய்வு 2008இல் வந்தது. எடை சற்றுக் கூடுதலாக இருந்த குழந்தைகள் அவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் திரை நேரத்தைப் பாதியாக வெட்டியபோது எடை ஏற்றம் மட்டுப்பட்டது. ஆனால் அந்தக் குழந்தைகள் முன்னைவிட அதிகமாக ஓடியாடியதாகத் தெரியவில்லை. சாப்பிட்ட அளவுதான் குறைந்திருந்தது. அதாவது, திரையை அணைத்தால் போதும், குழந்தை தானே விளையாடப் போய்விடும் என்று எண்ணி உட்கார்ந்துவிடக் கூடாது. திரையைக் குறைப்பது ஒரு வேலை, விளையாட்டைக் கூட்டுவது இன்னொரு வேலை.

விளம்பரங்களின் பங்கையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தின்பண்ட விளம்பரங்களோடு கார்ட்டூன் பார்த்த 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள், வேறு விளம்பரங்களோடு பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாக பிஸ்கட் போன்ற தின்பண்டத்தைச் சாப்பிட்டார்கள். அவர்கள் தின்றது விளம்பரத்தில் வந்த பண்டம்கூட அல்ல. கையருகே இருந்த ஏதோ ஒன்று.

நிலாவையும் காக்கையையும் காட்டிச் சோறூட்டாத வீடு நம்மிடம் இல்லை. அதுவும் வேடிக்கை காட்டுவதுதானே, கைப்பேசி மட்டும் என்ன பாவம் செய்தது என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நிலா ஓரிடத்தில் நிற்கும். குழந்தை அதை ஒரு கணம் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்துக்குத் திரும்பும், ஏதாவது கேட்கும், வாயிலிருப்பதை மெல்லும், போதுமென்றால் தலையாட்டும். காக்கை பறந்துபோனால் பேச்சு மறுபடி சோற்றுக்கே வந்து சேரும். கைப்பேசியோ குழந்தையின் பார்வையை ஒரு நொடியும் விடுவதில்லை. ஊட்டுபவரும் கவளத்தை எண்ணுகிறாரேயொழிய, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதே சமயம், கிண்ணத்தோடு தெருவெல்லாம் குழந்தையைத் துரத்தி ஒரு மணி நேரம் ஊட்டுவதையும் நான் ஆதரிக்கவில்லை.

முதற்படி: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு பழைய நோட்டில் ஏழு நாள் மூன்று விஷயங்களை நேரம் போட்டு எழுதுங்கள்: குழந்தையின் வாய்க்குள் போனது அனைத்தும், திரை ஓடிய நேரம், குழந்தை ஓடியாடிய நேரம். ‘ஒரே ஒரு பிஸ்கட்தானே’ என்று எதையும் விட்டுவிடாதீர்கள். என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருந்தது. காலை 7 மணிக்குச் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர், 8.30க்கு இட்லி முக்கால், கைப்பேசியோடு, நாற்பது நிமிடம், 10.30க்குப் பிஸ்கட் நான்கு, 11.30க்கு மறுபடி பால், 1 மணிக்குச் சோறு ஐந்தாறு வாய், கைப்பேசியோடு, ஒரு மணி நேரம், மாலை 4.30க்குப் பால், 6 மணிக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த சிப்ஸ், இரவு 9 மணிக்கு அரைத் தோசை, அழுகையோடு. ஓடியாடியது என்ற பத்தியில் மாலை இருபது நிமிடம் மட்டுமே இருந்தது.

இந்தப் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் குழந்தை ஏன் சாப்பிடவில்லை என்பது புரிந்தது. 200 மில்லி டம்ளரில் மூன்று வேளைப் பால் என்றால் 600 மில்லி; சமன்படுத்திய பாலில் அது ஏறத்தாழ 350 கலோரி. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்தால் இன்னும் 120. பிஸ்கட்டுக்கு ஒரு நூறு. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவை ஏறத்தாழ 1100 கலோரிதான். பாதிக்கு மேல் தட்டுக்கு வெளியிலேயே போய்விட்டது. சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை. இடமில்லாததால் கைப்பேசி தேவைப்பட்டது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிய வந்தது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் பால் தராமல் இருப்பது, சோற்றுக்கும் கீரைக்கும் முட்டைக்கும் வயிற்றில் இடம் கொடுக்கும்.

இரண்டாம் படி: வேளைகளுக்கு இடைவெளி

பசி வருவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் போதும். பாலைச் சிற்றுண்டி நேரத்தில் தாருங்கள்; சாப்பாட்டுக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் டப்பாவில் பிஸ்கட் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் இந்த இடைவெளி நிலைக்காது. டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றுவது குழந்தையோடு பத்து முறை வாதாடுவதைவிட எளிது.

இங்கே ஒரு வேலைப் பிரிவினையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் முறை இது: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று குழந்தையைக் கேட்கிறோம். எவ்வளவு என்பதை நாம் நிர்ணயித்துத் திணிக்கிறோம்.

மூன்றாம் படி: ஒரு வேளையில் மட்டும் திரையை அணைத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நாளை முதல் எந்த வேளையிலும் கைப்பேசி கிடையாது என்று முடிவெடுத்தால் மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ ஓடும் காலை வேளை வேண்டாம். குழந்தை களைத்துப்போயிருக்கும் இரவு வேளையும் வேண்டாம். மாலைச் சிற்றுண்டிதான் தொடங்குவதற்கு ஏற்றது. அது சின்ன வேளை, குழந்தை சாப்பிடாவிட்டாலும் இரண்டரை மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடும், உங்கள் மனமும் தாங்கும்.

தட்டை வைத்த பிறகு கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன்பே, ஒரு பாட்டோ ஒரு கதையோ முடியும் இடத்தில் திரையை அணைத்து, கைப்பேசியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். கை கழுவுவது, பாய் விரிப்பது, எல்லோருக்கும் தட்டு எடுத்து வைப்பது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது என்று எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் சிந்தும், பரவாயில்லை. என் மகளுக்கு அப்பளம் எண்ணி வைப்பது அந்த வேலையாக அமைந்தது. திரையிலிருந்து தட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு அது ஒரு பாலமாக இருந்தது.

முதல் மூன்று நான்கு நாள் குழந்தை அழும், குறைவாகச் சாப்பிடும். இதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஒரு வேளையில் குறைத்துச் சாப்பிடும் ஆரோக்கியமான குழந்தை, அடுத்தடுத்த வேளைகளில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். ஆகையால் ஒரு வேளைத் தட்டைப் பார்க்காமல், மூன்று நாள் சாப்பாட்டைச் சேர்த்துப் பாருங்கள். இருபது முதல் முப்பது நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள், ‘இன்னும் மூணு வாய் சாப்பிட்டா போன் தரேன்’ என்று மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் சோற்றைத் தண்டனையாகவும் கைப்பேசியைப் பரிசாகவும் ஆக்கிவிடும்.

விதி வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொருந்த வேண்டும். அப்பா இரவுச் செய்தியைப் பார்த்துக்கொண்டே சப்பாத்தி சாப்பிடும்போது குழந்தைக்கு மட்டும் தடை போட்டால் அது நிற்காது. பாட்டி, தாத்தாவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது மிக முக்கியம். பேரப்பிள்ளை பட்டினி கிடப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அந்தப் பாசத்தைக் குறை சொல்லவும் கூடாது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள், ‘புள்ள எளைச்சுப் போச்சும்மா, போனைக் குடுத்துத் தொலையேன்’ என்றார் என் மாமியார். ‘ஒரே ஒரு வாரம் பார்ப்போம் அத்தை. எடை குறைஞ்சுதுன்னா நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்’ என்று சொல்லி, அன்றைக்கே அவர் முன்னிலையில் குழந்தையை எடை போட்டு நோட்டில் எழுதினேன். வார முடிவில் மறுபடி எடை பார்த்தோம். குறையவில்லை. அதன்பிறகு அப்பளம் எண்ண உட்கார்வதில் அவரும் சேர்ந்துகொண்டார்.

ஒரு வேளை பழகி, ஒரு வாரம் சிரமமின்றி நடந்தால், அடுத்த வேளைக்குப் போங்கள். எல்லா வேளைகளும் மாற எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நான்காம் படி: தட்டைக் குழந்தையிடம் ஒப்படைத்தல்

திரை போன இடத்தைக் குழந்தையின் கை நிரப்ப வேண்டும். ஒரு வயதிலிருந்தே குழந்தை தானாக எடுத்துச் சாப்பிடப் பழகலாம். கீழே பழைய துணியோ செய்தித்தாளோ விரித்துவிட்டு, இட்லியை நான்காக வெட்டி ஒரு துண்டு, ஒரு தேக்கரண்டிச் சாம்பார் என்று கொஞ்சமாக வையுங்கள். கேட்டால் மறுபடி வைக்கலாம். குவித்து வைத்த தட்டைப் பார்த்தாலே சில குழந்தைகள் மிரண்டுவிடுகின்றன. விழும், பூசிக்கொள்ளும், பிசைந்து விளையாடும். உணவின் சூட்டையும் வழவழப்பையும் விரலால் அறிந்த பிறகுதான் பல குழந்தைகள் அதை வாயில் வைக்கின்றன.

புதிய காயை முதல் முறை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓர் உணவு குழந்தைக்குப் பழக எட்டிலிருந்து பதினைந்து முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். பூசணிக்காயை நாங்கள் பதினொரு முறை வைத்தோம். பத்து முறை அது தட்டின் ஓரத்திலேயே கிடந்தது. கைப்பேசியோடு ஊட்டப்பட்ட காய், இந்த எண்ணிக்கையில் பெரிதாகச் சேராது என்பது என் கருத்து. தான் என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாத குழந்தை அதை எப்படிப் பழகிக்கொள்ளும்?

முழு நிலக்கடலை, பெரிய திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவற்றை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அப்படியே தர வேண்டாம். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

ஐந்தாம் படி: சாப்பாட்டுக்கு முன்னால் விளையாட்டு

1956இல் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய சகாக்களும், கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்கள். மூட்டை சுமப்பவர்கள் உழைப்புக்கு ஏற்பச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய எடை கட்டுக்குள் இருந்தது. உட்கார்ந்தே பொழுதைக் கழித்தவர்களோ, ஓரளவு உழைத்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே கூடுதல். பெரியவர்களைப் பற்றிய பழைய ஆய்வுதான். ஆனாலும் அது சொல்லும் சேதி குழந்தை வளர்க்கும் எவருக்கும் பழக்கமானது. உடல் அசையாமல் கிடக்கும்போது பசி தன் அளவை இழந்துவிடுகிறது. அசையும்போது, தேவைக்கேற்ப எடுக்கிறது, தேவை தீர்ந்ததும் அடங்குகிறது. ஓடியாடும் குழந்தைக்கு மலச்சிக்கல் குறையும், இரவில் தூக்கமும் ஆழ்ந்து வரும். இரண்டுமே மறுநாள் சாப்பாட்டைச் சீராக்குபவை.

எவ்வளவு நேரம் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்றிலிருந்து நான்கு வயதுவரையுள்ள குழந்தை நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நல்ல ஓட்டமும் ஆட்டமும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் குதித்தல், ஏறுதல் போன்றவையும் தேவை என்று 2020இல் அதே நிறுவனம் கூறியது. நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ சின்னக் குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பதும் 2019 வழிகாட்டுதலில் உண்டு.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். காலையில் இருபது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு, கோடையில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும்தான் வெளியே விட முடியும். அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடம், கோயில் பிரகாரம், கைப்பிடிச் சுவர் உயரமாக உள்ள மொட்டை மாடி, தெருமுனைப் பூங்கா எதுவானாலும் சரி. கண்ணாமூச்சி, ஓடிப்பிடித்தல், நொண்டி, பாண்டி, பச்சைக்குதிரை ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. மழைக்காலத்தில் தரையில் தலையணைகளை வரிசையாக அடுக்கித் தாண்டச் சொல்லுங்கள், கயிறு தாண்டலாம், பாட்டுப் போட்டு ஆடலாம், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு. கடைக்கு நடந்துபோய் கறிவேப்பிலை வாங்கி வருவதும் கணக்கில் சேரும்.

விளையாட்டை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் பள்ளி விட்டு வந்ததும் டிபன், டிவி, பிறகு டியூஷன், கடைசியில் நேரமிருந்தால் விளையாட்டு. இதைத் திருப்பிப் போடுங்கள். வந்ததும் ஒரு வாழைப்பழமோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும்; பிறகு விளையாட்டு; அதன்பிறகு குளித்துவிட்டு இரவுச் சாப்பாடு. வியர்க்க வியர்க்க ஓடிவந்த உடனே பசி தெரியாது, தாகம்தான் தெரியும். தண்ணீர் கொடுத்து, கை கால் கழுவவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் பொறுத்துத் தட்டை வையுங்கள். என் மகள் முதன்முதலில் ‘அம்மா, பசிக்குது’ என்று தானாக வந்து கேட்டது, மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அண்ணன்மாரோடு ஒரு மணி நேரம் ஓடிய ஒரு மாலையில்தான். அந்தச் சொல்லை அவள் வாயால் அதுவரை நான் கேட்டதே இல்லை.

விளையாடியதற்குப் பரிசாக ஐஸ்கிரீமோ குளிர்பானமோ வாங்கித் தராதீர்கள். ஒரு மணி நேரம் விளையாடும் குழந்தைக்குத் தண்ணீரும் மோரும் போதுமானவை.

மிச்சமிருக்கும் திரை நேரம்

சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் திரை நேரத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிர, இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை, பெரியவர் உடனிருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. ஐந்திலிருந்து பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தை விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையூறில்லாத ஒரே இடத்தில் வையுங்கள். தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் திரை வேண்டாம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதுமென்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. மறுநாள் குழந்தை இனிப்பையும் வறுவலையுமே தேடும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும், பள்ளி வயதில் 9 முதல் 12 மணி நேரமும் தூங்க வேண்டும்.

திரை முன்னால் தின்பண்டமும் கூடாது. கிரிக்கெட் பார்க்கும்போது எல்லோரும் சேர்ந்து கொறிப்பது நம் வழக்கம் என்றால், பொட்டலத்தோடு வைக்காமல் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள்

இவர்களுக்கு உத்தரவு எடுபடாது. சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இணைய விளையாட்டில் மூழ்கிய பிள்ளை பசியைத் தள்ளிப்போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு நூடுல்ஸ் கேட்கும். விளையாட்டுச் சுற்று முடியும் நேரத்தை அவர்களிடமே கேட்டுச் சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப நிர்ணயித்தால் சண்டை பாதி குறையும். எடையைப் பற்றிக் கேலி செய்யவோ உறவினர் முன்னிலையில் ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’ என்று பேசவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த வயதில் ஒரு சொல் பல ஆண்டு உறுத்தும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

மேற்சொன்ன படிகள் ஆரோக்கியமான குழந்தைக்கானவை. எடை குறைந்தாலோ பல மாதமாக ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ, வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தாலோ, மண், பல்பம், சுண்ணாம்பு போன்றவற்றைத் தேடித் தின்றாலோ உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்; மண் தின்பது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைபாட்டோடு சேர்ந்து வருவது. இரண்டு மூன்று உணவுகளைத் தவிர வேறெதையும் தொடாத குழந்தைக்குப் பேச்சும் தாமதமானால், அதையும் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையிலுள்ள வளர்ச்சி வரைபடத்தையும், நீங்கள் எழுதிய ஒரு வார நோட்டையும் கையோடு கொண்டுபோனால், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

வழுக்கி விழுந்தால்

காய்ச்சல் வரும், ஊர்ப் பயணம் வரும், விருந்தினர் வீட்டில் யாராவது அன்பாகக் கைப்பேசியை நீட்டுவார்கள். காய்ச்சல் நாட்களில் குழந்தை கேட்டதைக் கொடுத்து, நீராகாரம் போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். குணமான பிறகு பழைய பழக்கம் தலைகாட்டினால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாலைச் சிற்றுண்டியில் மறுபடி திரையை அணையுங்கள், அன்றைக்கே மொட்டை மாடிக்கும் அழைத்துப் போங்கள். முதல் முறை ஒரு மாதம் எடுத்தது, இரண்டாம் முறை எங்களுக்கு நான்கு நாளில் திரும்பி வந்தது.